தீப்பெட்டிக்குள் இருக்கும் கம்பி

தம்பிக்கு, அம்மாவின் சலாம்.

நேற்று போனில் உன் சிரிப்பைக் கேட்டேன், அதனால் சுகமா என்று கேட்கப்போவதில்லை. என் சங்கதியைச் சொல்கிறேன். கண் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இடது கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் அக்கா அந்தச் சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு எனக்குக் காவல் காக்கிறாள். அவள் கறி வாங்கப் போன நேரம் பார்த்து, பிள்ளைகளின் நோட்டில் தாள் கிழித்து, ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழும் போகும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் இன்று சாயங்காலம் மெட்ராஸிலிருந்து பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார். வியாழக்கிழமை காலையில் இது உன் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கிளம்புவதாகச் சொன்னாய். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளை நம்பித்தான் எழுதுகிறேன்.

"ஜீப்பு ஓடுதும்மா" என்றாய். மூன்று வருஷமாகத் தேங்காய் மட்டைக்கு நடுவில் கிடந்த வண்டியை, மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த பத்தே நாளில் கிளப்பிவிட்டாய். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்ததாகச் சொன்னாய் பார்: "ஹெட்லைட்டு போட்டாலே பியூஸ் போயிக்கிட்டே இருந்துச்சும்மா. நாலு போட்டேன், நாலும் போச்சு. அப்பறம் உங்க ஞாபகம் வந்துச்சு. மோட்டார் கொட்டாயில கெடந்த செம்புக்கம்பிய ரெண்டு இழை முறுக்கி வச்சேன். இப்ப கம்முன்னு எரியுது. வெள்ளிக்கெழம நூரையும் பாப்பாவையும் ஏத்திக்கிட்டு தரங்கம்பாடிக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறோம்." என் கடிதாசி வரும்வரை சாவியைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். "கண்ணுல உள்ளத எடுக்கச் சொன்னா தைரியத்த எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாய். நீ போனை வைத்ததும் மறுபடி கூப்பிட்டு, உன் மனைவி நூரிடம் சாவியை ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன். எங்கே வைத்தாள் என்று எனக்கும் தெரியாது. அவளோடு சண்டைக்குப் போகாதே. வைய வேண்டுமானால் என்னை வை.

காரணத்தை ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். ஹாலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஆனால் அது சாக்கு. யாரும் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். இருபது வருஷம் மென்று விழுங்கிக்கொண்டிருந்த விஷயம் போனில் எப்படி வரும்? உன் குரல் எதிரில் இல்லாத இடத்தில், காகிதத்தில்தான் எனக்கு வருகிறது.

அந்த ஜீப்பை உன் அத்தா சவூதியிலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கினார். பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த வண்டி. கார் வாங்குங்களேன் என்றேன். "மழை பெஞ்சா நம்ம தோப்புப் பாதையில காரு போவுமா? இது நாலு சக்கரமும் இழுக்கும்" என்றார். அது உண்மைதான். ஐப்பசி மழையில் ஊர் வண்டிகளெல்லாம் புதைந்து நிற்கும்போது நம் ஜீப் உறுமிக்கொண்டு சேற்றில் ஏறி வரும். ஆனால் வாங்கிய நாற்பதாம் நாள் அவர் திரும்பிப் போய்விட்டார். வண்டி, வயல், தோப்பு, போர்செட், நீ, உன் அக்கா எல்லாம் என் தலையில் விழுந்தன. அத்தாவின் தம்பி, உன் சின்னத்தா, வண்டி ஓட்டுவார். ஓட்டுவதோடு சரி. பானெட்டைத் திறக்கச் சொன்னால் பாம்புப் புற்றில் கை விடச் சொன்ன மாதிரி முழிப்பார்.

நம் நிலம் கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டு அது நம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்று பழுத்துவிடும். போரை நம்பித்தான் நடவு. மும்முனை கரண்ட் வருவதே சில மணி நேரம். அதிலும் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார் முனகும், பியூஸ் போகும். ஆள் அனுப்பி எலக்ட்ரீஷியனைக் கூட்டி வருவதற்குள் கரண்டும் போய்விடும். பார்த்தேன், நானே கற்றுக்கொண்டேன். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி கட்டுவேன். ஒரு இழை கட்டினால் நிற்காது, இரண்டு இழை முறுக்கிக் கட்டினால் நிற்கும். நம் பக்கத்தில் எல்லாக் கொட்டகையிலும் அதுதான் வழக்கம், இன்றைக்கும் அதுதான். பியூஸ் எதற்காக இருக்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. தண்ணீர் பாய்கிற நேரத்தில் கெடுக்க வந்த சனியன் என்றுதான் நினைத்தோம். பக்கத்து வயல்காரர்கள்கூட ஆள் அனுப்புவார்கள். "பாய் வூட்டம்மாவக் கூப்புடு, அவுங்க கட்டுனா போவாது" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய். நேற்று நீ செய்த வேலையை அங்கேதான் கற்றாய். மோட்டார் கருகினால் உள்ளே இருக்கிற செம்புக் காயிலைப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். மோட்டார் கொட்டகையில் ஏறி உட்கார்ந்து யாரும் பயணம் போவதில்லை. அந்த வித்தியாசம் அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

உனக்கு ஆறு வயது. முத்துப்பேட்டையில் என் மாமா மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜீப்பில் விளக்கு எரியாமல் போய், சேவியர் அண்ணன் வந்து பார்த்தார். பட்டுக்கோட்டையில் சின்னக் கடை வைத்து வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது அண்ணன் என்று எழுதுகிறேன். அப்போது, என்னைவிட மூத்தவரை, "ஏம்ப்பா சேவியர்" என்றுதான் கூப்பிடுவேன். முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "அம்மா, மீட்டருக்குப் பின்னாடி தகட்டு ஓட்ட வழியா ஒயரு போவுது பாருங்க, அந்த எடத்துல ரப்பரு வளையம் நைஞ்சு போச்சு. தஞ்சாவூருல சொல்லியிருக்கேன், வந்ததும் மாட்டிடுறேன். அதுக்குள்ள பியூஸ் போச்சுன்னா வண்டிய எடுக்காதீங்க. தகடு ஒயர அறுக்குதுன்னு அர்த்தம்." இதைக் கேட்டது நான் ஒருத்திதான். உன் சின்னத்தா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தார் சின்னத்தா. பியூஸ் போனது. மாற்றினோம், அதுவும் போனது. அதோடு வீட்டில் இருந்த பியூஸ் தீர்ந்துவிட்டது. பெண்களெல்லாம் பட்டு உடுத்தி, பூ வைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. விளக்கில்லாமல் போய்த் திரும்ப முடியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கட்டினால் போகாத கை அல்லவா? சேவியர் அண்ணன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் கொட்டகைக்குப் போய்க் கம்பி எடுத்து வந்தேன். இரண்டு இழையை முறுக்கி, பியூஸ் இருந்த கவ்விகளுக்கு நடுவில் சுற்றிவிட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "அண்ணி, நீங்க இருக்க எனக்கென்ன கவல" என்றார் சின்னத்தா. நான் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

நீ முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாய். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, விளக்கைப் போட்டார். முதலில் வாடை வந்தது. ரப்பர் கருகும் வாடை. யாரோ டயர் கொளுத்துறாங்க என்றாள் ஒருத்தி. எனக்கு அது என்ன வாடை என்று தெரியும். ஆனாலும் டயராகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து எத்தனை தடவை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பிறகு மீட்டருக்கு அடியிலிருந்து புகை, புகைக்குள் நெருப்பு. ஒயர் மேல் இருந்த தோல் உருகிச் சொட்டி உன் இடது காலில் விழுந்தது. நீ கத்தினாய். சீட்டுக்கு நடுவில் இரும்புக் கம்பி, என் கை உன்னை எட்டவில்லை. சாரலுக்காகப் பக்கத்தில் கட்டியிருந்த தார்ப்பாயின் முடிச்சு அவிழவில்லை. சின்னத்தா அதைக் கிழித்து உன்னைத் தூக்கி வெளியே எறிந்தார். எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நட்ட வயலில் சேற்றில் போய் விழுந்தாய். அவர் வெறும் கையால் ஒயரைப் பிடித்துப் பிடுங்கினார். நாங்கள் வாய்க்கால் சேற்றை அள்ளி அள்ளி அடித்தோம். அந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நெருப்பு அதுவரை போகவில்லை. அது அல்லாஹ்வின் கருணை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

மூன்றாம் நாள் கேள்விப்பட்டுச் சேவியர் அண்ணன் சைக்கிளில் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். முதலில் உன் காலைப் பார்த்தார், அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார். கருகிய ஒயரையெல்லாம் உருவிப் போட்டார். மிச்சத்தில் எது பழுது என்று பார்க்க, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கோத்து என் கையில் கொடுத்தார். "நான் ஒயர ஆட்டுறேன். பல்பு எப்ப அணையுதுன்னு சொல்லுங்கம்மா" என்றார். நான் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் அவர் கை போனதும் பல்பு அணைந்தது. விட்டதும் எரிந்தது. "அணையுது" என்றேன். அவர் அன்றைக்குச் சொன்ன அதே இடம். அதன்பிறகு அவர் பல்பு கோக்கும்போது ஒரு முனையை மட்டும் விடுவித்து, மற்றக் கவ்வியில் தொங்கவிட்டிருந்த என் கம்பியைக் குறடால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுற்றி நெருப்பே பிடித்திருக்கிறது, அந்தக் கம்பி மட்டும் உருகவில்லை. பியூஸாக இருந்திருந்தால் முதலில் அதுதான் உருகிக் கரண்டை நிறுத்தியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு சின்னத்தா வந்தார். கூடவே உன் பெரியத்தாவும் தெருக்காரர்களும். "யாரு பாத்த வேல இது?" என்று பெரியத்தா கேட்டார். நான் சொன்னேன், "போன வாரம் சேவியர்தான் ஒயரிங் பாத்தாரு."

அது பொய்யில்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் நிஜம்தான். அவர் பார்த்தார்தானே? எனக்கு அப்போது பயம். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் பொம்பளை கை வைத்ததால் பிள்ளை வெந்தான் என்று வந்தால், மறுநாளே சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பெரியத்தா வீட்டின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சின்னத்தாவுக்கும் கம்பி விஷயம் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேவியர் அண்ணன் கையை மூடினார். கம்பியைச் சட்டைப் பையில் போட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் அத்தாவுக்கு அப்போதெல்லாம் நாம் கேசட்டில் பேசி அனுப்புவோம், ஞாபகம் இருக்கிறதா? சவூதிக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்து அனுப்புவோம். தூரத்தில் இருக்கிறவருக்கு நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். காலில் கட்டோடு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன் அத்தா, ஸ்கூலுக்குப் போறேன் அத்தா" என்று பேச வைத்தேன். நீ நடுவில் "கால் எரியுது" என்றாய். அதை அழித்துவிட்டு மறுபடி பேச வைத்தேன். கண்ணுக்கு ஆகாது என்றாலும் அழாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அத்தா வந்தார். தழும்பைப் பார்த்தார். தெருவே சொன்ன கதையைக் கேட்டார். நேரே பட்டுக்கோட்டைக்குப் போய், சேவியர் அண்ணனின் கருவிப் பெட்டியைத் தூக்கி ரோட்டில் கொட்டி, நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்தார். அவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வண்டி வருவது குறைந்துபோனது. அவர் கடையைக் காலி செய்துகொண்டு ஒரத்தநாட்டுக்கு, மனைவியின் ஊருக்கு, போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் நம் கொல்லைப்பக்கம் சைக்கிளை நிறுத்தினார். ஒரு தீப்பெட்டியை நீட்டினார். "இது உங்க பொருளும்மா. எங்கிட்ட இருந்துச்சுன்னா என்னைக்காச்சும் கோவத்துல யார்கிட்டயாவது காட்டிப்புடுவேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. உன் அத்தா ஊரோடு வந்து, நம்மோடு இருந்து, மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் அவருக்கு இது தெரியாது. போன லீவில் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் அந்த மனுஷனைப் பார்த்ததாகவும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டதாகவும் நீ ரோஷமாகச் சொன்னாய். நான் சோறு போட்டுக்கொண்டே "ம்" என்றேன்.

இப்போது சொல்கிறபடி செய். என் பீரோவின் கீழ்த்தட்டில் தையல் சாமான் வைக்கிற பிஸ்கட் டப்பா இருக்கிறது. பட்டன்களுக்கு அடியில் அந்தத் தீப்பெட்டி. அதை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போ. பாட்டரியில் முதலில் பாடிக்குப் போகிற எர்த் ஒயரைக் கழற்று. பிறகு நீ கட்டிய கம்பியைப் பிடுங்கி, என் கம்பிக்குப் பக்கத்தில் வை. நான் இடது கைக்காரி, இடப்பக்கமாகத்தான் முறுக்குவேன். நீ வலது கைக்காரன். இருந்தும் என்னைப் பார்த்துக் கற்றதால் நீயும் இடப்பக்கமாகத்தான் முறுக்கியிருப்பாய். பார்த்துக்கொள்.

அப்புறம் பழுதைத் தேடு. இரண்டு ஹெட்லைட்டிலும் பல்பின் சொருகியைக் கழற்றி வை. பியூஸ் இடத்தில் ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பைக் கோத்து, எர்த்தை மறுபடி மாட்டி, லைட் சுவிட்சைப் போடு. முன்னால் எரிவதற்கு விளக்கே இல்லாதபோது கையில் இருக்கிற பல்பு எரிந்தால், கரண்ட் எங்கோ பாடியில் இறங்குகிறது. பல்பை நூர் பிடித்துக்கொள்ளட்டும், பாப்பாவைப் பக்கத்தில் விடாதே. நீ ஒயரை மெதுவாக ஆட்டிக்கொண்டே போ. விளக்கு வெளிச்சத்தைத் தாழ்த்தக் காலால் மிதிக்கிற டிப்பர் சுவிட்சுக்கு அடியில் பார், அங்கே சேறு போய் உட்காரும். இடது பக்க மட்கார்டுக்கு உள்ளே பார். மூன்று வருஷம் மட்டைக்கு நடுவில் கிடந்திருக்கிறது, எலி சும்மா இருந்திருக்காது. கடைசியாக அந்தத் தகட்டு ஓட்டையைப் பார். எங்கே உன் கை படும்போது பல்பு அணைகிறதோ அங்கே இருக்கிறது வினை. டேப்பைச் சுற்றி மூடிவிட்டுச் சரியாகிவிட்டது என்று வராதே. ஒயரை மாற்று, ரப்பர் வளையம் போடு. எர்த் போல்ட் இருக்கிற இடத்தில் துருவைத் தேய்த்துவிட்டு மாட்டு.

முடியவில்லை என்றால், முடிந்தாலும் சரி, வியாழக்கிழமையே ஒரத்தநாடு போ. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் கடை என்று கேள்வி. காலைக் காட்டு, உன்னைத் தெரிந்துகொள்வார். தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்து, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க என்று சொல். அவர் மனைவி பிள்ளைகள் இருந்தால் அவர்கள் காதிலும் விழுகிறமாதிரி சொல். கண் கட்டு அவிழ்த்ததும் நானே போவேன், பெரியத்தா வீட்டுக்கும் போய்ச் சொல்லுவேன். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது, அதனால் முதலில் நீ போ. என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்பதும் பயம்தான். ஆனால் பாப்பா அந்த முன்சீட்டில் உட்காருவேன் என்று அடம்பிடிப்பாளே, அந்தப் பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கீழே கேட் சத்தம் கேட்கிறது, உன் அக்கா வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் போங்கள். திரும்பி வந்து, வேலையெல்லாம் முடித்து, கடையில் விற்கிற சரியான பியூஸைப் போட்டு விளக்கைப் போட்டுப் பார். எரிந்தால் எரியட்டும். இன்னும் எங்காவது உரசினால் அது போய்விடும். உடனே எனக்குப் போன் பண்ணு, போன் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி நல்லா ஓடுதும்மா என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிடாதே. பியூஸ் போச்சும்மா என்று சொல். அதைக் கேட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அம்மா